வெயில் ஊரில் சொட்டு மருந்து

ஒரு ஊரிலே ஒரு சூரியன் இருந்தாராம். அவருக்கு அந்த ஊரை விட்டுப் போக மனமே வராதாம். மாரி காலத்திலும் மத்தியானத்தில் ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாராம். அப்படிப்பட்ட ஊரில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, "உங்கடை பிள்ளைக்கு வெயில் காணாது, இந்தச் சொட்டைக் குடுங்கோ" என்று சொல்லுகிற தொழில் ஒன்று இருந்தால், அதைச் செய்கிறவனுக்கு எவ்வளவு பேச்சு விழும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கோ. அந்தத் தொழில்தான் எனக்கு வாய்த்தது.

இத்தாலியின் தெற்கே பலெர்மோவில், பல்லாரோ சந்தையின் சத்தம் ஓய்ந்து அல்பெர்கேரியா ஒழுங்கைகள் தொடங்குகிற மூலையில் எங்கள் மருந்துக்கடை. மருந்து கொடுப்பது தொத்தொரெஸ்ஸா, அதாவது மருந்தாளர் அம்மா. நான் பெட்டி பிரிக்கிறவன், பம்பர்ஸ் அடுக்குகிறவன், தமிழ் ஆட்கள் வந்தால் அவர்களுக்கும் தொத்தொரெஸ்ஸாவுக்கும் நடுவில் நின்று கதைக்கிறவன். வீட்டிலேயே இத்தாலியன் தெரிந்த ஒரே பிள்ளையாகப் பிறந்த குற்றத்துக்கு, பள்ளிக்கூடப் பையோடு க்வெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலும் ஆஸ்பத்திரியிலும் பெரிய ஆட்களுக்காகக் கதைத்துக் களைத்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். இது உங்களுக்காகத்தான். எனக்குக் குரல் பெரிதாக எழும்பாது. ஆனால் வாயை மூடு என்றால் மூடவும் வராது.

பலெர்மோவுக்கே வெயிலா?

சந்தையில் தோடம்பழம் விற்கிற கிழவர் ஒருவர் தொண்டைக்கு மிட்டாய் வாங்க வருவார். ஒருநாள் நான் கைக்குழந்தையோடு வந்த ஒரு அக்காவுக்கு விற்றமின் டி சொட்டு மருந்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் கதவடியிலேயே நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பலெர்மோ ஆட்களுக்கு வெயில் விற்கிறவன் நாளைக்குக் கடற்கரையில் போய் உப்பும் விற்பான் என்று கடை முழுக்கக் கேட்கச் சொன்னார். வாங்க வந்த அக்காவும் சிரித்துவிட்டு, கையில் எடுத்த போத்தலைத் திரும்ப மேசையில் வைத்தா.

நான் விடவில்லை. மாரியில் சூரியன் சாய்ந்து போகிறார், பிள்ளை தலை முதல் கால் வரை கம்பளிக்குள் இருக்கிறது, இந்த ஒழுங்கைகளின் கீழ்வீடுகளில் மத்தியானத்திலும் லைற் போட்டால்தான் சோறு தெரியும், எங்கள் கறுத்தத் தோலுக்கு வெயில் இன்னும் கூட வேண்டும், தாய்ப்பாலில் மட்டும் இது காணாது என்று, தொத்தொரெஸ்ஸா எனக்குச் சொல்லித் தந்ததை அப்படியே மெல்லச் சொன்னேன். இந்த ஊர் வைத்தியர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதைத்தானே எழுதுகிறார்கள் என்றும் கேட்டேன். கிழவர் மிட்டாயை வாயில் போட்டு, கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "என் பேரனுக்கும் மகள் இதைத்தான் கொடுக்கிறாள். ஆனால் அவள் வடக்கே மிலானோவில் படித்தவள், அவளுக்கு வெயிலைப் பற்றி என்ன தெரியும்?"

கலியாணம் கட்டாதவன் புத்தி

ராணி அக்கா என்று ஒரு வாடிக்கையாளர். மகனுக்கு இரண்டு வயது. இரண்டு மாதத்துக்கு முன் வாங்கின சொட்டுப் போத்தல் இன்னும் முடியவில்லை என்று பெருமையாகச் சொன்னா. எப்படி முடியாமல் இருக்கும் என்று கேட்டேன். பிள்ளைக்குத் தடிமன் என்றால் தான் அதை நிறுத்திவிடுவதாகச் சொன்னா. ஏனென்றால் அது எண்ணெயில் கரைத்த மருந்து, எண்ணெய் குளிர்ச்சி, மூக்கு ஓடுகிற பிள்ளைக்கு எண்ணெய் வைத்துத் தோய வார்ப்போமா? மாட்டோம்தானே. அப்படியென்றால் எண்ணெய் மருந்து மட்டும் எப்படிக் கொடுப்பது?

பாலர் பள்ளிக்குப் போகிற பிள்ளையின் மூக்கு கார்த்திகையில் ஓடத் தொடங்கினால் பங்குனியில்தான் நிற்கும். ஆக மாரிக்கென்று எழுதின மருந்து மாரி முழுக்க அலுமாரியில். உள்ளே போகிற சொட்டுக்கும் மூக்குக்கும் சம்பந்தமில்லை, தடிமனோடும் கொடுக்கலாம் என்று தொத்தொரெஸ்ஸா சொன்னதை நான் தமிழாக்கிச் சொன்னேன். அக்கா தொத்தொரெஸ்ஸாவை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தா. வரிசையில் நின்ற மற்ற அக்காமாரும் பார்த்தார்கள். "தம்பி, நீ முதல் ஒரு கலியாணத்தைக் கட்டு. ஒரு பிள்ளையைப் பெறு. அதின்ரை மூக்கை ஒரு மாரிக்குத் துடை. அதுக்குப் பிறகு வந்து எனக்குப் படிப்பி."

போத்தல் எங்கே போகுது?

வசந்தி அக்காவுக்கு லிபெர்த்தா வீதிப் பக்கம் ஒரு வயதான இத்தாலியச் சிஞ்ஞோராவைப் பார்க்கிற வேலை. விடியப் போனால் பின்னேரம்தான் வருவா. அவவின் கணவர் சிவா அண்ணைக்கு ஒரு சாப்பாட்டுக் கடையில் பின்னேர வேலை. அக்கா வாசலால் உள்ளே வர அண்ணை வெளியே போவார். பகல் முழுக்க மகள் ஆரபி தகப்பனோடுதான். எங்கள் ஆட்களில் அரைவாசிக் குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது, உங்களுக்குத் தெரியாததல்ல.

ஆரபிக்கு ஒன்றரை வயதாகப் போகிறது. இன்னும் பிடித்துக்கொண்டுகூட எழும்பி நிற்கவில்லை. பிள்ளை வைத்தியர் இரத்தம் எடுத்துப் பார்த்தார். விற்றமின் டி அடிமட்டத்தில் கிடந்தது. பிறந்த நாளிலிருந்து எழுதிக் கொடுத்த சொட்டை நீ கொடுக்கவே இல்லை, கொடுத்ததாக என்னிடம் பொய் சொல்கிறாய் என்று அவர் அக்காவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

அக்கா அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. கைப்பைக்குள் கிடந்த வெறும் போத்தலை எடுத்து எங்கள் மேசையில் வைத்து, பழைய மருந்து விற்றீர்களா என்று என்னைக் கேட்டா. தொத்தொரெஸ்ஸா திகதியைப் பார்த்தா, சரியாக இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தீர்களா, மூடியை இறுக்கினீர்களா என்று நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கேட்டோம். எல்லாக் கேள்வியும் அக்காவிடம்தான். வேலைக்குப் போக முன் ஒவ்வொரு நாளும் தான் ஞாபகப்படுத்திவிட்டுப் போவதாகவும், மாதம் முடிய முன்னமே போத்தல் முடிந்துவிடுவதாகவும் சொன்னா. கொடுக்காமல் முடியுமா?

பிறகு குரலைத் தாழ்த்தி மற்றதையும் சொன்னா. பக்கத்து ஊர் பகேரியாவில் இருக்கிற சிவா அண்ணையின் தமையன் குணத்தார், இந்த ஊர் வெயில் பிள்ளைக்குச் சரிவராது என்று தீர்த்துவிட்டாராம். தைப்பொங்கல் முடிய அவர் யாழ்ப்பாணம் போகிறார். ஆரபியையும் கொண்டுபோய்த் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு வருவாராம். பள்ளிக்கூட வயதில் திருப்பி எடுக்கலாமாம். தமையன் சொல்லுக்குச் சிவா அண்ணை எதிர்ச்சொல் சொல்லிப் பழக்கமில்லாதவர். அக்கா வெறும் போத்தலைத் திருப்பி எடுத்துப் பைக்குள் போட்டா. "பிள்ளையின்ரை வருத்தத்துக்கு மருந்து இருக்குத் தம்பி. பொய்க்காரி எண்டு சொல்லிப்போட்டால் அதுக்கு என்ன மருந்து?"

மினுங்கின உச்சி

அடுத்த கிழமை சிவா அண்ணை ஆரபியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வந்தார். அதே சொட்டு இன்னொரு போத்தல் வேண்டுமாம். கடைக்குள் சூடு என்பதால் பிள்ளையின் கம்பளித் தொப்பியைக் கழற்றினார். உச்சி மினுங்கியது. அந்தக் குளிரில் எங்கள் எல்லாருடைய தலையும் வைக்கோல் போலக் கிடக்க, இவளுடைய தலை மட்டும் கோயில் விளக்குப் போல. வடிவான தலைமயிர், என்ன எண்ணெய் வைக்கிறீர்கள் என்று சும்மா ஒரு கதைக்குத்தான் கேட்டேன்.

"வேறை என்ன, உங்கடை கடை எண்ணெய்தான்" என்றார்.

கொஞ்சமும் ஒளிக்காமல் சொன்னார். கொஞ்ச நாள் வாயில்தான் விட்டாராம். பிள்ளை துப்பியதாம், ஒருநாள் குடித்த பாலையும் சேர்த்துக் கக்கிவிட்டதாம். அதுக்குப் பிறகு யோசித்தாராம். ஒலிவ் எண்ணெயில் செய்த மருந்து என்று மட்டையிலேயே போட்டிருக்கிறது. எண்ணெய் என்றால் பிள்ளைக்கு எங்கே வைப்போம்? உச்சியில். தனக்கும் அப்படித்தான் வைத்தார்களாம், உச்சியில் வைத்தால் உடம்பெல்லாம் இறங்குமாம். இரண்டு துளி காணாது என்று கொஞ்சம் கூடவே விட்டு, உள்ளங்கையைச் சூடாக்கி, பாட்டுப் பாடிப் பாடித் தேய்க்கிறாராம். எந்த மருந்தையும் எந்தத் தகப்பனும் இவ்வளவு ஆசையாய்க் கொடுத்திருக்க மாட்டான். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை, ஏசவும் முடியவில்லை.

தொத்தொரெஸ்ஸாவுக்கு இத்தாலியனில் சொன்னேன். நான் பிழையாக மொழிபெயர்க்கிறேன் என்று நினைத்து இன்னொருக்கால் சொல்லச் சொன்னா. இரண்டாந்தரம் சொன்ன பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, தலைத்தோலால் இது உடம்புக்குள் இறங்காது, வாயால்தான் போக வேண்டும், ஒரு கரண்டிப் பாலில் விட்டுக் கொடுக்கலாம் என்று சிவா அண்ணைக்குச் சொல்லச் சொன்னா. அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. இதை ஏன் வைத்தியரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "டொக்டர் என்னை ஒருநாளும் கேக்கேல்லைத் தம்பி. எல்லாரும் தாயைத்தான் கேட்டவை."

விட்டதைப் பிடிக்கிற அவசரம்

விளங்காத ஆளிலும் பார்க்க, விளங்கிவிட்ட ஆள்தான் பயம். இதை மேசைக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் ஒத்துக்கொள்வீர்கள். மறுநாட் காலையே சிவா அண்ணை திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது. வீட்டில் அக்காவிடம் தானே எல்லாவற்றையும் சொன்னாராம். அக்கா ஏசவில்லையாம், அதுதான் தாங்க முடியவில்லையாம். இப்போது அவருக்கு ஒரு கை நிறையப் போத்தல் வேண்டும். தலையில் ஊற்றி வீணாக்கின அவ்வளவையும் பொங்கலுக்கு முன் வாயால் கொடுத்து முடித்துவிட்டால் பிள்ளை எழும்பி நின்றுவிடும், தமையனுக்கும் வாயடைக்கும் என்பது அவருடைய கணக்கு. ஒரு போத்தலைக் கையில் எடுத்து, இன்றைக்கே முழுவதையும் கொடுக்கிறேன் என்றார்.

நான் வழக்கம் போல மெதுவாகத்தான் தொடங்கினேன். கூடக் கொடுத்தால் நஞ்சு, சிறுநீரகத்தைத் தாக்கும், வைத்தியர்தான் அளவு சொல்ல வேண்டும் என்றேன். அவருக்குக் காது கேட்கவில்லை. போத்தலோடு வாசலுக்குத் திரும்பினார். அப்போது எங்கிருந்து வந்ததோ தெரியாது, "வையுங்கோ அண்ணை அதை!" என்று ஒரு சத்தம் வந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிவா அண்ணை போத்தலை மேசையில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்தார். தனக்கு விளங்காத மொழியில் நான் கத்தினதால் தொத்தொரெஸ்ஸாவே உள்ளே இருந்து ஓடி வந்தா. விசயத்தைக் கேட்டு, சிவா அண்ணையை ஒரு கதிரையில் இருத்தி, வைத்தியருக்குத் தானே தொலைபேசி எடுத்து நேரமும் கேட்டுக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினா. "உனக்குக் குரல் இருக்கிறதா? வேலைக்கு எடுக்கும்போது இதை நீ எனக்குச் சொல்லவே இல்லையே."

நான் சொல்ல மாட்டன்

வைத்தியரிடம் இந்த முறை வசந்தி அக்கா சிவா அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனா. வைத்தியர் வழமை போல அக்காவைப் பார்த்துக் கேள்வி கேட்க, அக்கா கையைக் கட்டிக்கொண்டு கணவரைக் காட்டினாவாம். அவர் எல்லாவற்றையும் சொன்னாராம். வைத்தியர் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் புதிய அளவை எழுதி, அந்தத் துண்டைத் தகப்பனின் கையில் கொடுத்தாராம்.

இதெல்லாம் முடிந்தும் குணத்தார் முடியவில்லை. பொங்கலுக்கு முந்தின வியாழன் பின்னேரம், வீட்டுவேலை ஆட்களுக்கு லீவு நேரம், சிவா அண்ணையும் இன்னும் வேலைக்குப் போகாத நேரம், பகேரியாவிலிருந்து ரயிலில் வந்து, தம்பியையும் வசந்தி அக்காவையும் முன்னால் விட்டுப் பின்னால் கடைக்குள் வந்தார். கோயில் நிர்வாகத்தில் பேசிப் பழகின குரல். பிள்ளை பிளேனில் அழாமல் நித்திரை கொள்ள ஒரு மருந்து வேண்டும், தொத்தொரெஸ்ஸாவிடம் கேள் என்று எனக்கு உத்தரவு. ரிக்கற் போட்டாயிற்றாம். சிவா அண்ணை நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வசந்தி அக்கா பிள்ளையை இடுப்பில் இறுக்கினா.

மொழிபெயர்க்கிறவனிடம் ஆயுதம் என்று இருப்பது ஒன்றே ஒன்றுதான். நான் மொழிபெயர்க்கவில்லை. தொத்தொரெஸ்ஸா என்னைப் பார்த்தா, குணத்தார் என்னைப் பார்த்தார், நான் பம்பர்ஸ் பெட்டியைப் பார்த்தேன். என்ன தம்பி, நாக்குச் சுளுக்கிப் போச்சோ என்று கேட்டார். "இதை நான் சொல்ல மாட்டன்" என்றேன். என் பழைய குரலில்தான் சொன்னேன். அவருக்குக் கேட்டது.

அவர் என்னை விட்டுவிட்டு அக்காவின் பக்கம் திரும்பினார். ஒரு துளி மருந்தை ஒழுங்காக வைக்கத் தெரியாத வீட்டில் பிள்ளை என்னத்துக்கு வளரும் என்றார். அக்கா அவருடைய முகத்தைப் பார்த்தே பதில் சொன்னா. "பிழை விட்டது உங்கடை தம்பி. அதைத் திருத்தப் போறதும் அவர்தான், ஒவ்வொரு நாளும், என்ரை பிள்ளையின்ரை வாயிலை, இஞ்சை."

குணத்தார் தம்பியைப் பார்த்தார். சிவா அண்ணை நிலத்திலிருந்து கண்ணை எடுத்தார். அக்காவின் இடுப்பிலிருந்து பிள்ளையை வாங்கித் தன் தோளில் போட்டார், அவ்வளவுதான். போட்ட ரிக்கற்றை என்ன செய்கிறதாம் என்று குணத்தார் கேட்டார். அதுக்கும் அக்காதான் பதில் சொன்னா. "அதுக்கென்ன அண்ணை, நீங்கள் சந்தோசமாப் போட்டு வாங்கோ. உங்கடை முகத்துக்கும் கொஞ்சம் வெயில் காணாது."

சனிக்கிழமை மத்தியானம்

குணத்தார் தனியத்தான் போனார். மாசியில் திரும்பவும் இரத்தம் பார்த்தார்கள், ஏறியிருந்தது. சித்திரைப் புதுவருசத்துக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை, மத்தியானம் கடை பூட்டுகிற நேரம். தொத்தொரெஸ்ஸா போய்விட்டா. நான் பம்பர்ஸ் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஆளுயரத்துக்கு அடுக்கி முடித்து, கடையின் சுருள்கதவை அரைவாசி இறக்கியிருந்தேன். அதற்குக் கீழால் குனிந்து சிவா அண்ணை வந்தார். அவருக்கு முன்னால், குனிய வேண்டிய தேவையே இல்லாமல், ஆரபி நடந்து வந்தாள்.

சொட்டாலோ, வயதாலோ, தகப்பன் பாடின பாட்டாலோ என்று என்னிடம் கேளாதையுங்கோ. வைத்தியர் சொட்டை நிறுத்த வேண்டாம் என்றிருக்கிறார், எனக்கு அது போதும். வாத்து நடை. இரண்டு கையும் விரித்து, விழப்போகிற மாதிரியே நடந்து, விழாமல் என் அடுக்குக்கு நேரே போய் அதில் சாய்ந்தாள். அவ்வளவும் சரிந்தது. அவள் திரும்பிப் பார்த்து, இதெல்லாம் ஏன் இஞ்சை வைத்திருக்கிறாய் என்பது போல என்னை முறைத்தாள். இதற்குள் சோப்புத் தட்டையும் கண்டுவிட்டாள். அண்ணை ஓடிப்போய்ப் பிடித்தார், உதறிவிட்டுப் போனாள். பிடித்தார், உதறினாள். அவர் மேசையில் கையூன்றி மூச்சு வாங்கினார். ஒரு மாரி முழுக்கப் பிள்ளையின் காலையே பார்த்து ஏங்கின மனிசன்.

"தம்பி, ஒரு நிமிசம் இருக்க விடுறாளில்லை. இதை நிப்பாட்டுறதுக்கு ஏதும் சொட்டு இருக்கோ?"

இல்லை என்றேன். புதிய போத்தலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அவர் வெளியே போய் நின்று கூப்பிட்டார். ஆரபி உடனே போகவில்லை. விழுந்து கிடந்த பெட்டி ஒன்றை இன்னொருக்கால் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, கதவுக்குக் கீழால், ஒருவருடைய விரலையும் பிடிக்காமல், ஒழுங்கைக்குள் இறங்கிப் போனாள்.

அடுக்கினதை எல்லாம் சரித்துவிட்டு நன்றிகூடச் சொல்லாமல் நடந்து போகிற ஒரு வாடிக்கையாளருக்காக மாரி முழுக்க ஊராரிடம் ஏச்சு வாங்குவதற்குப் பெயர்தான் எங்கள் தொழில்.